ஸ்பிரின்ட் திட்டமிட ஆள்நாள் கணக்கு

மென்பொருள் குழு குறித்த சில நாள்களுக்குள் முடிக்க வேலை ஏற்கும் ஒரு சுற்றுதான் ஸ்பிரின்ட். அடுத்த ஸ்பிரின்டுக்கு வேலை ஏற்கும் முன், கடைசி மூன்று ஸ்பிரின்ட்களில் முடித்த மொத்தப் புள்ளிகளை (வேலையின் அளவுக்குக் குழு தரும் மதிப்பீடு), குழுவினர் உண்மையில் வேலைக்கு வந்த ஆள்நாள்களால் (ஒருவர் ஒரு நாள் வந்தால் ஓர் ஆள்நாள்) வகுத்துவிடுங்கள். 135 ஆள்நாளில் 108 புள்ளி என்றால், ஆள்நாளுக்கு 0.8 புள்ளி.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அந்த வாரம் யார் விடுப்பு கேட்டாலும் மறுக்க மனம் வராது, மறுக்கவும் கூடாது. ஐந்து பேர், 10 வேலை நாள் என்றால் 50 ஆள்நாள்; விடுப்பு 9 போக 41. அதை 0.8 ஆல் பெருக்கினால் 32.8, அதாவது 32 புள்ளிதான் தாங்கும். வழக்கமான சராசரியான 36-ஐ ஏற்றிருந்தால் கடைசி இரண்டு நாள் இரவும் விழித்திருக்க வேண்டியதுதான்.

கூட்டங்கள், நிரல் சரிபார்ப்பு, திடீர்ப் பிழைத்திருத்தம் எல்லாம் அந்த 0.8-க்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனியாகக் கழிக்கத் தேவையில்லை.

புதிய குழுவுக்கும், பாதிப் பேர் மாறிய குழுவுக்கும் இது பொருந்தாது. குழுவின் ஒரே டெஸ்டர் ஊருக்குப் போகிறார் என்றாலும் இந்த எண்ணை நம்பாதீர்கள். அப்போது அவர் வேலைக்கு வரும் நாள்களே எல்லை.