சித்திரம் கற்கும் மலையக மாணவருக்கு

சாதாரண தரத்தில் சித்திரத்தை அழகியற் பாடமாகக் கற்று, உயர்தரத்திலும் அதையே தொடர விரும்பும் மலையக மாணவர் பலர், விலை கூடிய வர்ணங்களும் கொழும்பு வகுப்புகளும் இல்லாமல் முன்னேற முடியாது என்று எண்ணித் தயங்குகிறார்கள். இப்பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: தொடக்கத்தில் தேவைப்படுபவை கோடு போடாத ஒரு கொப்பி, ஒரு 2பி பென்சில், நாள்தோறும் அரை மணி நேரம் ஆகியவையே.

அந்தக் கொப்பியில் புகைப்படங்களைப் பார்த்துக் கீறாமல், கண்முன் இருப்பதைக் கீறுங்கள். மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய், வரிசையில் நிற்பவர்களின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, ஓர் உருவத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக் கீறிப் பழகுங்கள். முகத்தில் தொடங்க வேண்டாம். தலையில் மாட்டிய கயிறு பின்னால் தொங்கும் கொழுந்தின் பாரத்தைத் தாங்குவதால் கழுத்து எவ்வளவு முன்னே சாய்கிறது, இடுப்பில் கட்டிய படங்கு எங்கே மடிகிறது என்பதை முதலில் ஒரே கோட்டில் பிடியுங்கள். இரவில் அம்மா ஓய்ந்து உட்காரும்போது அவருடைய கையைப் பத்து நிலைகளில் கீறிப் பாருங்கள். தேயிலைச் சாறு ஏறிக் கறுத்த பெருவிரலையும் சுட்டுவிரலையும் உற்றுப் பார்த்துக் கீறிய பிள்ளைக்கு, பரீட்சையில் எந்தக் கையையும் கீற வரும். பிழைத்த பக்கங்களைக் கிழிக்காமல், ஒவ்வொன்றிலும் திகதி இடுங்கள்.

நீர்வர்ணத்துக்கு வரும்போது, மூடுபனியையே ஆசிரியராகக் கொள்ளலாம். அருகிலுள்ள தேயிலைச் செடி கரும்பச்சையாகவும் கூர்மையான விளிம்போடும் தெரிய, அதே பச்சை தூரத்து மலையில் வெளிறி நீலச் சாம்பலாக மாறுவதைக் கவனியுங்கள். தொலைவை முதலில் மெல்லிய வர்ணத்தால் தீட்டி, அது நன்கு காய்ந்த பின்பே முன்புறத்துக்கு வாருங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் தாள் காய நெடுநேரம் எடுக்குமாதலால், அம்மாதங்களில் இரண்டு மூன்று படங்களை ஒருசேரத் தொடங்கி மாற்றி மாற்றித் தீட்டுவது நல்லது. இதற்குச் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் சிறந்தது; அதை வாங்க முடியாவிட்டால், தடித்த சித்திரத் தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டி வைத்துத் தீட்டினால் நெளிவு குறையும்.

வர்ணம் தீர்ந்துவிட்டால் தேயிலைத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, வடித்த சாயத்தால் தீட்டுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததை இட்டால் பொன்னிறம் படிப்படியாகக் கபிலமாகும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாட்கள் ஊறவிட்டு, அந்த நீரைத் தேயிலைச் சாயத்தின் மேல் தொட்டால், சாயத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருஞ்சாம்பலாகும். போத்தலின் மூடியை மட்டும் இறுக்க வேண்டாம். உள்ளே வாயு சேரும். மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையே தம் படைப்புகளின் ஊடகமாக்கியவர். அவருடைய படைப்புகளைத் தேடிப் பாருங்கள். ஆனால் அப்படியே பார்த்துக் கீற வேண்டாம்.

உயர்கல்விக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பிலுள்ள கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் ஆகியவை உள்ளன. உயர்தரப் பெறுபேறு மட்டும் இதற்குப் போதாது. துறைக்கான இயல்திறனைச் சோதிக்கத் தனியாக நடைபெறும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டு ஓராண்டை இழந்த திறமையான பிள்ளைகளைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். ஆகவே பெறுபேறு வெளியான நாளிலிருந்து பத்திரிகைகளையும் அந்நிறுவனங்களின் இணையத்தளங்களையும் வாரந்தோறும் பாருங்கள்.

“படம் கீறி எப்படிப் பிழைப்பது?” என்று வீட்டார் கேட்பது நியாயமானது, அதற்குக் கோபப்படாமல் விடை கொடுங்கள். சித்திர ஆசிரியர் பணி, அச்சக வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, அசைவூட்டம் எனத் தொழில்கள் உள்ளன. முதல் சில ஆண்டுகள் வடிவமைப்பில் உழைத்துக்கொண்டே ஓவியத்தைத் தொடர்வதுதான் நம் குடும்பச் சூழலுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. விற்பனையை நேரில் அறிய, 1993 முதல் கொழும்பில் நடந்துவரும் கலா பொல திறந்தவெளிச் சந்தைக்கு ஒரு முறை சென்று, ஓவியர்கள் விலையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். உங்கள் படத்துக்கு விலை குறிக்கும்போது தாள், வர்ணம், சட்டகம், பேருந்துக் கட்டணம் ஆகியவற்றோடு, உழைத்த மணித்தியாலங்களுக்கான கூலியையும் சேர்த்து எழுதுங்கள்.