செஸ்னா 172-க்கு மாற்று ஆல்டர்னேட்டர் வாங்கும் முன்

பறந்துகொண்டிருக்கும்போது அம்மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்துவிட்டால், அதாவது பேட்டரி சார்ஜ் ஆகாமல் இறங்க ஆரம்பித்தால், தரை இறங்கியதும் கை நேராகப் போனுக்குத்தான் போகும், புது ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் பாகம்) என்ன விலை என்று தேட. கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வைத்திருக்கும் 1970-களின் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஒரே வருடத்தில் இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றினோம். பட்டறையில் சொன்னார்கள், மாற்றினோம், இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை. கடைசியில் வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்து, ஃபீல்டு வயரின் (ஆல்டர்னேட்டருக்குள் காந்தத்தை உண்டாக்கும் மின்சாரம் போகும் வயர்) முனையை விரலால் மெதுவாக அசைத்தார். வயர் முனையில் இருக்கும் உலோக லக் கையோடு வந்துவிட்டது. உறைக்குள் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோய், மிச்சமிருந்த இரண்டு மூன்று இழைகள்தான் தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்திருக்கின்றன.

அதனால் முதலில், போனது ஆல்டர்னேட்டர்தானா என்று பாருங்கள். எஞ்சின் ஓடாமல், மேக்னெட்டோ சாவி வெளியே, ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் இல்லாமல், மாஸ்டர் சுவிட்சின் இரண்டு பாதியையும் (பேட்டரி, ஆல்டர்னேட்டர்) போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு முனையில் மீட்டர் வையுங்கள். பேட்டரி வோல்டேஜுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அதுவரைக்கும் வயரிங், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் பெரும்பாலும் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடாமல் பின்னோக்கிப் போங்கள்: ரெகுலேட்டர், ஓவர்வோல்டேஜ் ரிலே, மாஸ்டரின் ஆல்டர்னேட்டர் பாதி, ஃபீல்டு பிரேக்கர். வோல்டேஜ் வந்தும் சார்ஜ் ஆகவில்லையா, அப்போதுதான் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஏதோ போயிருக்கும். சார்ஜ் குறைவாக ஆகி, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஹெட்செட்டில் கேட்டால் உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடைச் சந்தேகப்படலாம். ஸ்பேனர் எடுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற மறக்காதீர்கள்.

சரி, ஆல்டர்னேட்டர்தான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. எல்லோரும் ஆம்ப்ஸிலிருந்து தேட ஆரம்பிக்கிறார்கள், நீங்கள் விமானத்தின் சீரியல் நம்பரிலிருந்து ஆரம்பியுங்கள். 172 என்பது ஒரே விமானம் இல்லை. 1968 மாடலில்தான் கான்டினென்டல் போய் லைக்கோமிங் எஞ்சின் வந்தது. 14 வோல்ட்டில் இருந்த மின்சாரம் 1978 மாடலில் 28 வோல்ட் ஆனது. செஸ்னாவின் பார்ட்ஸ் கேட்டலாக் சீரியல் நம்பர் வாரியாகத்தான் பார்ட் நம்பர் கொடுக்கும். அதோடு லாக்புக்கையும், கோப்பில் இருக்கும் 337 படிவங்களையும் (பெரிய மாற்றங்களைப் பதியும் படிவம்) புரட்டுங்கள், ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு உரிமையாளர் ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் வேறு கம்பெனி செட்டுக்கு மாற்றியிருந்தால் கேட்டலாக் ஒன்று சொல்லும், மூக்கில் இருப்பது வேறாக இருக்கும்.

ரெகுலேட்டரோடு பொருந்துவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அந்தக் கால செஸ்னாக்களில் ஃபோர்டு வகை, பைப்பர்களில் கிரைஸ்லர் அல்லது பிரெஸ்டோலைட் வகை. பார்க்க ஒரே மாதிரி தெரியும், ஆனால் பிடிமானக் காதுகளும் ஃபீல்டு கம்பி இணையும் விதமும் வேறு. சில ரெகுலேட்டர்கள் ஃபீல்டுக்குப் பாசிட்டிவ் கொடுத்துக் கட்டுப்படுத்தும், சில கிரவுண்டு பக்கம் கட்டுப்படுத்தும். இதைத் தவறவிட்டால் ஒன்றும் சார்ஜ் ஆகாது, இல்லையென்றால் அடக்க ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறி ரேடியோவைத் தின்றுவிடும். ரெகுலேட்டரும் பழசு என்றால் இரண்டையும் ஒரே செட்டாக, ஓவர்வோல்டேஜ் பாதுகாப்போடு மாற்றுவதைத்தான் நான் சொல்வேன்.

அப்புறம் புல்லி. லைக்கோமிங்கில் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் பல்சக்கரம் உட்காரும் பெரிய புல்லி இரண்டு அளவில் வரும்: 7.5 அங்குலம், 9.75 அங்குலம். ஆல்டர்னேட்டர் புல்லி சுமார் 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது சிறிய புல்லியில் ஆல்டர்னேட்டர் 6,000 சுற்று சுற்றும், பெரியதில் 7,800. டாக்ஸி போகும் 1,000 சுற்றில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், இரவில் லைட்டெல்லாம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போது சிறிய புல்லிக்காரருக்குத்தான் பேட்டரி இறங்கும். ஆகவே ஆர்டர் போடும் முன் உங்களுடையது எந்த அளவு என்று அளந்து, பெல்ட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட் மாற்ற ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும் என்பதால், எதற்காகக் கழற்றினாலும் அந்தச் சாக்கில் புது பெல்ட் போட்டுவிடுங்கள், அதில் காசு பார்க்காதீர்கள்.

ஆம்ப்ஸ் கடைசியில்தான். பழைய 14 வோல்ட் 172-இல் 60 ஆம்ப்ஸ் சாதாரணம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி கையேடு, தனியாகக் கண்காணிக்கும் வசதி இல்லாத இடத்தில் தொடர்ந்து ஓடும் சுமை உற்பத்தியில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது, அதாவது 60-க்கு 48. ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 100 வாட் லேண்டிங் லைட் மட்டும் 7 ஆம்ப்ஸ் இழுக்கும், எல்இடி போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சம். வேகத்தை அளக்கும் குழாயைச் சூடாக்கும் பீட்டோ ஹீட் இன்னொரு பெருந்தீனி. கூட்டிப் பார்த்தால் பலருக்கு 60 தாராளமாகப் போதும். 70, 100 என்று ஏற்றினால் கூடவே பிரேக்கர், வயரின் தடிமன், அம்மீட்டர் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் பட்டை) எல்லாவற்றையும் பார்க்க வேண்டிவரும்.

கான்டினென்டல் ஐஓ-520, ஐஓ-550 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் முன்பக்க ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் இல்லை, எஞ்சின் கியரிலேயே ஓடுகிறது. நடுவில் இருக்கும் கப்ளிங் சிதைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள் விழும். அங்கே மலிவான பழைய கப்ளிங்கைத் தயவுசெய்து மறுபடி மாட்டாதீர்கள்.

காகிதம் இல்லாத ஆல்டர்னேட்டரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்காதீர்கள். சான்றிதழ் பெற்ற விமானத்துக்கு பிஎம்ஏ (பாகத்தைத் தயாரிக்க எஃப்ஏஏ கொடுக்கும் அனுமதி) அல்லது எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்ய ஒப்புதல்) உள்ள பொருள் வேண்டும், ஓவர்ஹால் செய்தது என்றால் பறக்கத் தகுதியானது என்று சொல்லும் 8130-3 டேக் கேளுங்கள். கார் கடையில் அதே உருவத்தில் கால் விலைக்குக் கிடைப்பதை மாட்ட முடியாது. எக்ஸ்பெரிமென்டல் (சொந்தமாகக் கட்டியது போன்ற) விமானம் என்றால் கதை வேறு. இந்த வேலை உரிமையாளரே செய்துகொள்ளும் சின்னப் பராமரிப்புப் பட்டியலில் இல்லை, எஃப்ஏஏ சான்று பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக் லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். புதியதா ஓவர்ஹாலா என்றால், விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் நான் புதியதையே எடுப்பேன்.

மாட்டிய பிறகு பெல்ட் இறுக்கத்தை லைக்கோமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1129 சொல்கிறபடி பார்க்கச் சொல்லுங்கள், புது பெல்ட் கொஞ்சம் நீளும், 25 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். குளிர்காற்று வரும் குழாய் இருந்தால் அது ஆல்டர்னேட்டர் மேல் சரியாக ஊதுகிறதா என்று கவனியுங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி எல்லா லைட்டையும் போட்டுவிட்டு 14 வோல்ட் விமானத்தில் பஸ் வோல்டேஜ் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் இடத்தின் வோல்டேஜ்) 14-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஆல்டர்னேட்டரை கோர் பணத்துக்காக (பழைய பாகத்தைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் பணம்) திருப்பி அனுப்புவதற்கு முன் அதன் தகடு, புல்லி, வயர் முனைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து விமானத்தின் கோப்பில் வைத்துவிடுங்கள், அனுப்பிய பிறகு ஏதாவது பொருந்தவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும்.