ஆச்சி கைப்பக்குவத்தில் புடலங்காய்: முதன்முதலாகப் பந்தல் போடுபவர்களுக்கு

எங்கள் ஆச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். புறவாசல் தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தாத்தாகூடக் கேட்காமல் ஒரு காய் பறிக்க முடியாது. அவர் புடலை வளர்த்த முறை இது.

படி 1: விதைப்பு

ஆடிப் பட்டம் நல்லது, தையிலும் போடலாம். விதைத்தோல் கெட்டியானது என்பதால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்த குழியில் 3 விதை, ஒரு விரற்கணு ஆழம் போதும். முளைத்ததும் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். "பாவம் பார்த்தா ஒண்ணும் காய்க்காது" என்பார் ஆச்சி.

படி 2: பந்தல்

6 அடி உயரம் வேண்டும். காய் நீளமாகத் தொங்குமே! மாடி என்றால் பைப்பும் நைலான் வலையும் போதும்.

படி 3: பூ

முதலில் ஆண் பூக்கள்தான் வந்து உதிரும், பயப்படாதீர்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். ஓரமெல்லாம் வெள்ளை நூல் பிரிந்ததுபோல் சாயங்காலத்துக்கு மேல்தான் பூ விரியும். பிஞ்சு நிற்காமல் உதிர்ந்தால், இருட்டியதும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

படி 4: கல் கட்டுதல்

பிஞ்சு ஒரு சாண் வளர்ந்ததும் நுனியில் சின்னக் கல்லைத் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். இதற்கென்றே ஒரு சிரட்டை நிறையக் கூழாங்கல் வைத்திருப்பார் ஆச்சி. வாழைநாரால் கட்டுவார், நூல் என்றால் பிஞ்சை அறுத்துவிடும்.

படி 5: விதைக்காய்

இதுதான் முக்கியம். பறிக்கத் தொடங்குவதற்கு முன்பே, நல்ல கொடியில் நல்ல காய் ஒன்றைத் துணி கட்டி ஒதுக்கிவிடுங்கள். ஒரு தீபாவளிக்கு மருமகன்கள் வந்திருந்தார்கள், கூட்டுக்குக் காய் பற்றவில்லை. அத்தை அரிவாளோடு போனதும் ஆச்சி பந்தலுக்கடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அவுகளுக்கு அப்பளம் பொரிச்சுக் குடு. இது அடுத்த வருசத்துக் காய்." மருமகன்கள் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அந்த வைராக்கியத்தால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதே புடலை காய்க்கிறது.

காய் நன்றாகச் சிவந்ததும், வெடிப்பதற்கு முன்னால் பறியுங்கள். உள்ளே விதையில் சிவப்புச் சதை ஒட்டியிருக்கும், அது போகக் கழுவி, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். ஆச்சி விதைகளைச் சாணியில் பதித்துத் தொழுவத்துச் சுவரில் வரட்டியாகத் தட்டிவிடுவார். தொழுவம் இல்லாதவர்கள் நன்றாகக் காய்ந்தபிறகு பாட்டிலில் போட்டு மூடி, மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள்.