கஞ்சிக்கு சிறுபயறு ஏன்?

எங்க களியக்காவிளை பக்கம் இன்னைக்கும் பிலாவிலைய (பலா இலைய) கோட்டி கஞ்சி கோரி குடிக்கிற வீடுக உண்டு, பக்கத்துல சிறுபயறு இருக்கும். அதுல பெரிய காரியம் இருக்கு கேட்டியளா. புரோட்டீன்ங்கிறது அமினோ அமிலம்ங்கிற சின்ன சின்ன துண்டுக சேர்ந்தது, அதுல நம்ம உடம்பால தானா செய்ய முடியாதது 9, அதெல்லாம் சாப்பாட்டுலதான் வரணும். அரிசி புரோட்டீன்ல அந்த 9-ல ஒண்ணான லைசின் கம்மி, இன்னொண்ணான மெத்தியோனின் பரவால்ல, பயறுல நேர் எதிரா லைசின் நெறைய மெத்தியோனின் கொறவு, அதனால ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட கொறைய இன்னொண்ணு ஈடுகட்டிரும். ஒரே வேளையிலதான்னு இல்ல, காலைல கஞ்சி ராத்திரி பயறுன்னாலும் சரிதான்.

ஆனா பயற வறுக்கும்போது கருக விட்றாதீங்க, வாசம் வந்து லேசா நெறம் மாறுனதும் எறக்கிருங்க. செவக்க செவக்க லைசின் அதுல உள்ள சர்க்கரையோட போய் ஒட்டிக்கிடும், அப்புறம் அது உடம்புக்கு உதவாது. நான் இப்போ வறுக்குறதே இல்ல, ராத்திரி ஊறப்போட்டு காலைல நல்லா வேகவச்சு, தேங்கா சின்ன உள்ளி சீரகம் கொரகொரப்பா அரைச்சு எடுத்து சேர்த்துருவேன். வெறும் கஞ்சியும் ஊறுகாயுமா நாள ஓட்டுற வயசானவங்க வீட்டுல இருந்தா முதல்ல அவங்களுக்கு ஒரு கரண்டி பயறு வைங்க.