ஒரு தட்டு, இரண்டு கரண்டி: ஜார்ஜ் டவுனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு, அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குப் போகும் தம்பதிகளின் முதல் தவறு காலைச் சாப்பாட்டிலேயே நடந்துவிடும். ஆளுக்கொரு தட்டு வாங்குவதுதான் அது. முதல் தடவை நானும் என் மனைவியும் அதைத்தான் செய்தோம். ஒரு காப்பிக் கடையில் இரண்டு தட்டு சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்), கூடவே இரண்டு கிண்ணம் ஆசாம் லக்சா (புளிப்பு மீன் சாற்றில் நூடுல்ஸ்). மதியத்துக்குள் வயிறு முட்டிவிட்டது. ஆசையாக எழுதிக்கொண்டு போன மற்ற பண்டங்கள் எல்லாம் தாளிலேயே தங்கிவிட்டன. செண்டோல் என்ற குளுகுளு இனிப்பு விற்கும் கடை வாசலில் நின்றுகொண்டு, "நீ சாப்பிடு", "இல்லை நீங்க சாப்பிடுங்க" என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தோம்.

ஜார்ஜ் டவுனின் தெருக்கடைகளில் பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரு பண்டம்தான். தட்டும் சிறியது. பல கடை ஏறி இறங்கிச் சாப்பிடுவதற்கென்றே அமைந்த ஊர் அது. அதனால் ஒரு தட்டு, இரண்டு கரண்டி. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது, பானம் கேட்க வருபவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று கையை ஆட்டிவிடுவது. காப்பிக் கடைகளில் பொதுவாகக் கடைக்காரர் விற்பது பானம்தான். உள்ளே சமைப்பவர்கள் அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்தவர்கள். எதுவும் குடிக்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டால் சில கடைகளில் அதற்கென்று சில்லறை வாங்குவார்கள். அது ஏமாற்று இல்லை, அவர் பிழைப்பு. ஒரு கோப்பி ஓ சொல்லிவிடுங்கள். பால் இருக்காது, சர்க்கரை இருக்கும். சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'. தேநீரில் இனிப்பைக் குறைக்க 'கூராங் மானிஸ்'. சாப்பாட்டுக்கான காசைத் தட்டு வந்ததும் அந்தந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். கடைசியில் மொத்த பில் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, எந்தக் கடை எப்போது திறந்திருக்கும்? இங்கேதான் பலருடைய திட்டம் கவிழ்கிறது. காலையில் மணக்கிற மூலை மாலையில் பூட்டிக் கிடக்கும். சூலியா தெரு, லோரோங் பாரு, கர்னி டிரைவ் போன்ற இடங்களில் தள்ளுவண்டிக் கடைகள் களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகுதான். ஓய்வு நாளும் கடைக்குக் கடை மாறும். எனவே ஒரே கடையை நம்பி ஊரைக் குறுக்காகக் கடக்காமல், ஒரு தெருவை நம்பிப் போங்கள்.

சுற்றிப் பார்ப்பதில் நடக்கும் தவறு வெயிலை மறப்பது. தம்பதிச் சண்டைக்கு ஜாதகத்தைப் பார்க்க வேண்டாம், ஒரு மணி வெயில் போதும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் நடந்து பார்க்கத் தக்கது என்பது உண்மை. ஆனால் காலை எட்டு மணிக்கே இறங்கிவிட வேண்டும். ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரையப்பட்ட, இரண்டு குழந்தைகள் நிஜ மிதிவண்டியில் போவது போன்ற ஓவியத்தைப் பிறர் தலை இல்லாமல் படம் எடுக்க அதுதான் நேரம். வெயில் ஏறியதும் 'அஞ்சடி'யில் ஒதுங்கி நடக்கலாம். கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதிலும் பாதி இடத்தை மோட்டார் சைக்கிள்கள் அடைத்திருக்கும், அது வேறு கதை. பன்னிரண்டு முதல் மூன்று வரை அறையிலோ ஓர் அருங்காட்சியகத்திலோ அடைந்துவிடுங்கள்.

குயீன் தெருவில் 1833இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இரண்டையும் உச்சிவேளைக்கு ஒதுக்கிவைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. கோயிலில் நம்மூர் போலவே நடை சாத்திவிடுவார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரம், அதிலும் வெள்ளி மதியம், வேடிக்கை பார்க்கப் போகும் நேரம் இல்லை. கடல்மேல் மரக்கால்களில் நிற்கும், சியூ என்ற சீனக் குலத்தாரின் குடியிருப்பில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே கேமராவை நீட்டாதீர்கள்.

பினாங்கு மலையையும் கெக் லோக் சி பௌத்தக் கோயிலையும் அதே நாளில் திணிப்பது இன்னொரு பேராசை. இரண்டும் பழைய நகரத்துக்கு வெளியே ஆயர் ஈத்தாம் பக்கம். மலை ரயில் வரிசையிலேயே உங்கள் சாயங்காலம் தீர்ந்துபோகும். அவற்றுக்குத் தனி நாள் வையுங்கள்.

இனி நாசி கண்டார். இதில்தான் பணம் போகும். தமிழ் முஸ்லிம்கள் ஒரு தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற சாப்பாடு இது. 'கண்டார்' என்பது அந்தத் தண்டைக் குறிக்கும் சொல். இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருபது சட்டிகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் விரலால் காட்டிக்கொண்டே போவதுதான் தவறு. பல கடைகளில் விலைப் பலகை இல்லை, தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். பெரிய இறாலும் மீன் முட்டையும் விலையை எங்கோ கொண்டுபோய்விடும். ஒரு கடையில் நாங்கள் ஒரு தட்டுக்குக் கொடுத்த காசில் மறுநாள் முழுக்கச் சாப்பிட்டோம். "அண்ணே, இந்த இறால் எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டிருக்கலாம். பல கடைகளில் தமிழ் செல்லும். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் குழம்பு ஊற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதில்தான் அதன் ருசியே இருக்கிறது.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கறி, மீன் வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. ஆசாம் லக்சாவின் புளிப்பான சாறே கானாங்கெளுத்தி மீனில் கொதித்தது, மேலே இறால் விழுதும் விழும். காய்கறிப் பிரட்டலில்கூட 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கலாம். சார் குவே தியாவில் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு சேரும். லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களுக்குப் போவதே நிம்மதி. செண்டோலில் இந்தத் தொல்லை இல்லை: தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை மாவு இழைகள், சிவப்புப் பயறு, பனித்தூள்.

இரண்டாம் தடவை போனபோது ஒரே நாளில் ஏழு பண்டங்கள் முடித்தோம். எட்டாவதுக்கு வயிற்றில் இடமில்லை. 'புங்குஸ்' என்றேன், பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ராத்திரி பதினொன்றுக்கு அறையில் பிரித்தால் கரண்டி ஒன்றுதான் இருந்தது.