கை முறிந்து மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்குத் துணையிருப்பது எப்படி?

மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழும் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நிகழ்வதுதான். எலும்பு விலகியிருந்தால், மயக்க மருந்து கொடுத்து அதை நேராக்கி, மெல்லிய கம்பிகளைச் செருகி, மாவுக்கட்டுப் போடுவார்கள். எலும்பை மருத்துவர் பார்த்துக்கொள்வார். குழந்தையின் பயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் உடனிருப்பவர். அதற்கு முதல் தேவை, குழந்தையிடம் பொய் சொல்லாதிருப்பது.

"ஊசியெல்லாம் கிடையாது, சும்மா பார்ப்பார்கள்" என்று சொல்லி அழைத்துச் சென்றபின் ஊசி குத்தப்பட்டால், அடுத்து வெப்பமானியோடு வரும் செவிலியரைக் கண்டாலும் குழந்தை அலறும். உங்கள் சொல்லையும் நம்பாது. "கையில் ஊசி போடுவார்கள், சுருக்கென்று வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். சிறு குழந்தைக்குச் சற்று முன்பு சொன்னால் போதும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முந்தைய மாலையே சொல்வது நல்லது. படுக்கவைத்து நான்கு பேர் அமுக்குவதைவிட, உங்கள் மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதை ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். "அடம்பிடித்தால் ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலை அடியோடு விட்டுவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் பொதுவாக ஆறு மணி நேரம் திட உணவோ பாலோ கூடாது. தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். ஆனாலும் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே முடிவானது. பசியில் அழும் பேரனுக்குப் பாட்டி இரக்கத்தில் தரும் ஒரு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகக்கூடும். அப்படி ஏதேனும் கொடுத்துவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அழாமல் சுருண்டு கிடக்கும் குழந்தைக்கு வலியில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை ஒரு தாளில் வரைந்து, "இப்போது எது?" என்று கேட்டால், சொல்லத் தெரியாத குழந்தையும் விரலால் தொட்டுக் காட்டும். வலி முற்றட்டும் என்று காத்திராமல், மருத்துவர் குறித்த நேரத்தில் மருந்து கிடைக்கிறதா என்று கவனியுங்கள்.

முதல் இரவில் மிக முக்கியமான வேலை, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பார்ப்பதே. கையைத் தலையணைமேல் நெஞ்சைவிட உயரமாக வைத்திருங்கள். விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ இருந்தாலும், மரத்துப்போனாலும், மருந்து கொடுத்த பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலும், விரலை மெல்ல நீட்டும்போது குழந்தை துடித்தாலும், நள்ளிரவானாலும் உடனே செவிலியரை அழையுங்கள். கைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசைகள் நிரந்தரமாகப் பாழாகிவிடும். "காலையில் டாக்டர் வந்ததும் சொல்லலாம்" என்று இதில் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பார்க்க வரும் உறவினர்கள் ஒவ்வொருவரும் "சொன்னால் கேட்டாயா?" என்று தொடங்குவார்கள். தான் செய்த தப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று குழந்தை ஏற்கெனவே நினைத்திருக்கும்; ஆகவே வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி, அந்தப் பேச்சை எடுக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின் படுக்கையில் சிறுநீர் போவதும், விரல் சூப்புவதும், உங்களை ஒட்டிக்கொண்டே திரிவதும் சில வாரங்களுக்கு இருக்கலாம். கேலி செய்யாமல் விட்டால் தானே மறையும். கம்பிகளைப் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் எடுப்பார்கள். அதன்பின் விறைத்திருக்கும் முழங்கைக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதோ, வலிந்து மடக்குவதோ கேடு விளைவிக்கும். குழந்தை விளையாட விளையாடக் கை தானாக மடங்கத் தொடங்கும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவுகளும் பயமும் குறையவில்லையென்றால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.