வளைந்த சுவரூடாகப் பாயம்: சீனக்குடாத் தாங்கிக் கணக்கு

சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன அல்லவா, அந்த இரும்பு உருளைகளின் சுவரால் வெயில் நேரத்தில் எவ்வளவு வெப்பம் உள்ளே போகும், அதாவது வெப்பப் பாயம் எவ்வளவு? என்னிடம் சிமுலேஷன் பழகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுப்பேன். ஆனால் தாங்கியை உடனே வரைய விடமாட்டேன். முதலில் விடை தெரிந்த ஒரு வளையம்.

உள் ஆரை 1, வெளி ஆரை 2, கடத்தாறு (பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவு) 1. உள்சுவர் வெப்பநிலை 1, வெளிச்சுவர் 0. ஒரு மீற்றர் நீளத்துக்குப் பாயம் 2π/ln 2, அதாவது 9.06. இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

இனி மெஷ், அதாவது வளையத்தை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை. நேர்க்கோட்டு எலிமென்ட் வட்டத்தைப் பல்கோணமாக வெட்டிவிடும். 12 துண்டென்றால் சுற்றளவு 1.1 சதவீதம் குறையும். 24 என்றால் 0.3 சதவீதம்தான். எலிமென்டின் வடிவத்துக்கான வரிசையை 2 ஆக்கினால் விளிம்பே வளைந்து வரும். அதைத்தான் செய்யச் சொல்வேன்.

குறியைக் கவனியுங்கள். செவ்வன், அதாவது சுவருக்குச் செங்குத்தான திசை, எப்போதும் பொருளுக்கு வெளியே பார்க்கும். ஆகவே உள்சுவரில் அது மையத்தை நோக்கும். அங்கே −9.06 வந்தால் சரி, வெப்பம் வளையத்துக்குள் நுழைகிறது என்று அர்த்தம்.

பலர் வெப்பநிலைப் படித்திறனை (தூரத்தோடு வெப்பநிலை மாறும் வீதத்தை) எடுத்து, செவ்வனோடு பெருக்கி, சுவர் வழியே தொகையிடுகிறார்கள். நேர்க்கோட்டு முக்கோணத்தில் படித்திறன் முழு எலிமென்டுக்கும் ஒரே மாறிலி. உள்சுவரை ஒட்டித்தான் வெப்பநிலை வேகமாக மாறுகிறது, அதனால் அங்கே விடை குறைந்தே வரும். அதற்குப் பதிலாக, எல்லை நிபந்தனை (சுவர் வெப்பநிலைகள்) போடுவதற்கு முந்திய சமன்பாட்டு அணியை எடுத்துத் தீர்வோடு பெருக்குங்கள். ஊற்றுப் பதம் (பொருளுக்குள்ளேயே பிறக்கும் வெப்பம்) இருந்தால் கழியுங்கள். பிறகு அந்தச் சுவரின் கணுக்களில் (மெஷின் புள்ளிகளில்) உள்ள மீதிகளைக் கூட்டுங்கள். ஃபீனிக்ஸ் (FEniCS) என்னும் சிமுலேஷன் மென்பொருளில் இது சில வரிதான். காம்சால் (COMSOL) மென்பொருளில் வீக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (weak constraint) என்ற தெரிவைப் போட்டால் இதே வேலை நடக்கும். ஒரு எச்சரிக்கை: இந்த முறையில் ஒரு சுவரால் நுழையும் வெப்பமும் மற்றதால் வெளியேறும் வெப்பமும் எப்படியும் சமப்படும், மெஷ் மோசமாக இருந்தாலும். அதனால் சமநிலையைப் பார்த்து நம்பவேண்டாம். மெஷை இருமடங்கு நுணுக்கி, எண் 9.06-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் தாங்கிக்கு வரலாம். வெளிச்சுவரில் காற்று படுவதால் படித்திறனே தேவையில்லை. H(T − காற்று வெப்பநிலை) என்பதை நேரடியாகத் தொகையிடுங்கள் (H சுவரிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் குணகம், T சுவர் வெப்பநிலை), உறிஞ்சும் வெயிலை அதிலிருந்து கழியுங்கள். தகட்டின் தடிப்பை மெஷ் செய்யப் போகாதீர்கள், தகட்டை வெறும் கோடாக எடுக்கும் மெல்லிய அடுக்கு நிபந்தனை போதும். வெயில் ஒரு பக்கம்தான் விழும் என்பதால் அச்சுச் சமச்சீர் (சுற்றிலும் ஒரே மாதிரி என்ற எளிமை) எடுக்கவும் கூடாது. நிழல் பக்கத்தையும் வெயில் பக்கத்தையும் வேறு வேறாகத் தொகையிட்டு எழுதுங்கள்.